ஆறு நிரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்யாணப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் விழாத மாதிரி நான் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டார். "ஊரு வம்பு நம்ம வாசலுக்கு வரக் கூடாது." அப்பா என்றாலே எனக்கு நடுக்கம். அவர் என்னை அடித்ததே இல்லை. பேசாமல் பார்ப்பார். அதற்கு நாலு அடி தேவலை என்றிருக்கும்.

வகுப்புக்கு வந்தவர்கள் பதினைந்து பேர். எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கண்மாய்க்குக் கீழே அவர்களுக்குக் காலும் அரையுமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த வருடம் மழை பரவாயில்லை. பக்கத்து ஊர்க் கண்மாய் பெருகிவிட்டது. எங்கள் கண்மாயில் மட்டும் மாடு படுத்தால் முதுகு நனையாது. மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்திருந்தார்கள்.

அவர்களில் ஒரு அக்கா பல வருடமாக எங்கள் பருத்திக் காட்டில் களை எடுப்பவர். வகுப்பில் அவரை நான் அக்கா என்பேன். வீட்டில் மட்டும் எல்லோரையும் போல பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். என் வீரம் அவ்வளவுதான். ஒரு நாள் அவர்தான் சொன்னார். "தண்ணி வரல வரலன்னு எழுதுறோமே தவிர, ஏன் வரலன்னு எழுதுனோமா? நமக்கே தெரியாதுல்ல. வரத்துக்காலு புடிச்சு ஒரு தடவ நடந்து பாத்துருவமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். மழைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் அந்த ஓடை எங்கே அகலம், எங்கே மண்மேடு, எங்கே வேலிக்கருவேலம் அடைத்திருக்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். ஊரையே நான்தான் நடத்திப் போகிறேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு. அப்படியே நடந்து எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் வந்தோம். அங்கே ஓடை, ஆட்டுக்குட்டி தாண்டுகிற அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

அந்த அக்காதான் பருத்தியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான் மொதமொத இந்தக் காட்டுக்கு வந்தப்ப பதினெட்டு நெற. இப்ப இருபத்திநாலு."

நிரை என்றால், களை எடுக்கும்போது ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போகும் வரிசை. முன்பு பதினெட்டுப் பேர் நின்றால் ஓடைக்கரை வந்துவிடும். அப்பா வருடத்துக்குக் கொஞ்சமாகக் கரையை உழுது உள்ளே சேர்த்ததில், ஆறு பேர் நிற்கிற அகலம் ஓடையிலிருந்து எங்கள் காட்டுக்கு வந்திருக்கிறது. எந்த ஆபீஸ் காகிதத்திலும் அது இல்லை. குனிந்து களை வெட்டியவர்களுக்கு மட்டும் தெரியும்.

மற்ற பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

அன்றைக்கே பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் ஓடையை வரைந்தார்கள். எங்கள் காட்டுப் பக்கம் கோடு ஒடுங்கித்தான் இருந்தது. அதைப் பார்த்து பெரிய தாளில் வரைந்து, யூனியன் ஆபீசிலிருந்து வரும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தேன். வெளியே அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தாளைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். எங்கள் காடு வந்ததும் கை ஓடவில்லை. கடைசியில் ஓடையை அந்த இடத்திலும் நல்ல அகலமாக, நேராக இழுத்துவிட்டேன். இதில் வேலிக்கருவேலம் அடைத்த இடத்துக்கு மட்டும் பச்சை வண்ணம் வேறு தீட்டினேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். அந்தப் பெண்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம்.

அதிகாரி வந்த அன்று பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். முன்வரிசை நாற்காலியில் அப்பா. படத்தைச் சுவரில் மாட்டியதும் அதிகாரி, "யாராவது வந்து சொல்லுங்கம்மா" என்றார். அந்த அக்கா எழுந்து போனார். விரலால் ஓடையைத் தொட்டுக்கொண்டே ஒவ்வொரு இடமாகச் சொல்லி வந்தார். எங்கள் காடு வந்ததும் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"இந்த எடத்துல புள்ள கவனிக்காம விட்டுருச்சு போல. பென்சிலு இருக்கா சார்?"

நான் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பென்சில். சுவரில் தாள் படபடத்தது. ஆனாலும் கோட்டைப் போட்டார். அகலமான ஓடைக்கு நடுவில், நடுங்கி நடுங்கி, குறுகலாக ஒரு கோடு.

"இது மொதலாளி காடு. ஆறு நெற உள்ள போயிருக்கு சார்."

"அளந்தீங்களா?" என்றார் அதிகாரி.

"நெற புடிச்சவ சார் நானு."

பின்னால் இருந்து ஒரு பெண், "நானும் புடிச்சிருக்கேன்" என்றார். பிறகு இன்னொருவர் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பதினைந்து பேரும் நின்றார்கள். சொல்லிக்கொடுத்த நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"அந்தக் கோட்டப் போட்டது நீயா?"

"நான் போடலப்பா."

அவர் தலையை ஆட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அப்படி நிம்மதி வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த வருடம் அந்த அக்காவை எங்கள் காட்டுக்குக் களை எடுக்கக் கூப்பிடவில்லை. தூக்குவாளியோடு எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடந்து போவார். வகுப்புக்கு மட்டும் நிறுத்தாமல் வந்தார். "பயமா இல்லையாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "பயமில்லாமயா? அன்னைக்கு வீட்டுக்குப் போயி வாந்தி எடுத்தேன், தாயி" என்றார். படத்தைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மறு கோடையில் சர்வேயர் வந்து அளந்தார். எங்கள் காட்டில் மட்டுமல்ல, இன்னும் இரண்டு காடுகளிலும் ஓடையை மீட்டு வெட்டினார்கள். அடுத்த மழைக்குக் கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

பயத்தில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எதுவும் நினைவில் இல்லை. அப்பாவிடம் அன்று சொன்னது மட்டும் சுத்தமான உண்மை, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.