டிஸ்ட்ரிபியூட்டருக்கு வைத்த பொட்டு

“கோதண்டம், வண்டி சானடோரியம் ஸ்டேஷன்கிட்ட நின்னுடுச்சுப்பா! கல்யாணப் பொண்ணு உள்ளயே உக்காந்திருக்கு!”

மொபெட்டை ஸ்டாண்டு கூடப் போடாமல் கத்தியவர் சாமுவேல் சாரின் மைத்துனர். எண்பதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் இருந்த ஒரு ஷெட்டில் நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சாமுவேல் சார் ஹெட்மாஸ்டர். மகள் ஜாய்ஸின் கல்யாணத்துக்காகத் தன் அம்பாசடரை எங்களிடம் விட்டிருந்தார். புது பாயின்ட், புது கண்டன்சர், புது பிளக் எல்லாம் போட்டு டியூன் செய்தவன் நான்தான். வண்டியை எடுத்துப் போய் மூன்று நாள் ஆகவில்லை.

எங்கள் முதலாளி வேலாயுதம் அண்ணனுக்கு மூக்கு நுனியில் கோபம். “இன்னாடா டியூனிங் பண்ணிக்கினு இருந்த நீ? பொண்ணு ரோட்ல குந்திகினு கீது! போய் எடுத்து வுட்டுட்டு வா. இல்லாங்காட்டி இந்தப் பக்கமே வராத!” என்றார். டெஸ்ட் லேம்ப், ஸ்க்ரூ டிரைவர் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டின் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

முதலில் நான் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்

ஆயுத பூஜை அன்று அந்த வண்டி எங்கள் ஷெட்டில்தான் நின்றது. அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: “சார் கிறிஸ்டியனு. அந்த வண்டிக்குப் பொட்டு கிட்டு வச்சுடாத.” நானும் தலையாட்டினேன்.

ஆனால் பூஜை என்றால் எங்களுக்குக் கை நிற்காது. ஸ்பானர், வைஸ், பேட்டரி சார்ஜர், கிரீஸ் டப்பா வரைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. வரிசையில் அந்த ஒரு வண்டி மட்டும் மூளியாக நின்றது. அதுவும் நான் டியூன் செய்த வண்டி. மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் பானட்டைத் தூக்கி, காயிலிலிருந்து வரும் கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதாவது கேப்பின் மேல், சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு வைத்தேன். ஒன்று மட்டும் நன்றாக இல்லை என்று தோன்றியது. பிளக் வயர் செருகும் குழல்களுக்கு நடுவே நாலு வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு! பானட்டை மூடிவிட்டு நல்ல பிள்ளையாகப் பொரி தின்னப் போய்விட்டேன்.

சானடோரியம், ஒன்பதரை மணி

காலையிலிருந்து தூறல். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் மல்லிகைச் சரமும் ரிப்பனுமாக வண்டி நின்றது. பத்து மணிக்குப் பல்லாவரம் சர்ச்சில் கல்யாணம். பதினோரு மணிக்கு அதே சர்ச்சில் வேறொரு கல்யாணம் இருந்தது. இதைத் தவறவிட்டால் சாயங்காலம்தான் என்று பாஸ்டர் முந்தின நாளே சொல்லிவிட்டாராம்.

“ஆட்டோல போனா சேறு அடிக்கும். வெள்ளைப் பட்டு, தலையில இவ்ளோ நீள நெட் முக்காடு... என்ன கோதண்டம், சர்வீஸ் பண்ண வண்டிதானே இது?” என்றார் சாமுவேல் சார். கறுப்பு கோட்டு சூட்டில் அவர் முகம் வியர்த்திருந்தது.

பானட்டைத் தூக்கினேன். ஐந்து பொட்டும் தூறல் ஈரத்தில் இளகி, கேப் முழுக்கச் செக்கச்செவேல் என்று வழிந்திருந்தது. சார் எட்டிப் பார்க்க வந்தார். நான் சட்டென்று இடது உள்ளங்கையைக் கேப்பில் படாமல் குடை மாதிரி விரித்துப் பொத்திக்கொண்டேன்.

சாரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். காயிலில் டெஸ்ட் லேம்ப் வைத்தேன். பாயின்ட் திறந்து மூட, பல்பு மினுக் மினுக் என்றது. பாயின்ட் சரி. நடு வயரை மட்டும் கேப்பிலிருந்து பிடுங்கி, இன்ஜினுக்கு அரை விரற்கடை தள்ளிப் பிடித்தேன். படபடவென்று நீலமாக நெருப்பு பாய்ந்தது. காயிலும் சரி. திரும்பச் செருகிவிட்டு, ஒரு பிளக் வயரை அதே மாதிரி பிடித்தேன். அங்கே வந்ததோ சோகை பிடித்த ஒரு பொறி, அதுவும் நாலு தடவைக்கு ஒரு தடவை.

காயில் வரைக்கும் கரண்ட் ஜோராக வருகிறது, பிளக்குக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் கேப் ஒன்றுதான். பழுதை என் கையாலேயே மூடி மறைத்துக்கொண்டு வண்டி முழுக்கப் பழுது தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது கார் கதவு திறந்தது. ஜாய்ஸ் இறங்கி வந்தார். ஸ்கூலில் பிசிக்ஸ் டீச்சர் அவர்.

“அண்ணா, எங்கயாவது லீக் ஆகுதோ? இருட்டுல பாத்தா தெரியுமே. லேப்ல நான் கர்ட்டன் போட்டுத்தான் காட்டுவேன்.”

“நடுரோட்ல ஏது இருட்டு டீச்சர்?” என்று தப்பிக்கப் பார்த்தேன்.

“டாடி, கோட்டைக் கழட்டுங்க!”

கோட்டுக்குள் தீபாவளி

நெட் முக்காட்டை மஃப்ளர் மாதிரி கழுத்தில் சுற்றிக்கொண்டார் ஜாய்ஸ். முந்தானையை ஃபேன் பக்கம் விடாதீர்கள் என்று நான் கெஞ்சினேன். சாரின் கறுப்புக் கோட்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, கல்யாணப் பெண்ணும் நானும் இன்ஜினுக்குள் குனிந்தோம். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

“டாடி, ஸ்டார்ட்!”

வேறு வழியில்லாமல் கையை எடுத்தேன். பொட்டுக்குப் பொட்டு நீல மின்னல் குதித்தது. நடுப்பொட்டிலிருந்து ஓரப்பொட்டுக்கு, அங்கிருந்து இன்ஜினுக்கு என்று, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் ஈரக் குங்குமம் வழியாகப் புழு மாதிரி நெளிந்து ஓடியது.

“ஐயோ, சூப்பரா இருக்கு!” என்று கத்தினார் ஜாய்ஸ். அடுத்த நொடி, “அது என்ன அண்ணா, சிவப்பா?”

கோட்டுக்குள் ஓடி ஒளிய இடமில்லை. “பொட்டு டீச்சர். நான்தான் வச்சேன். வண்டி மூளியா நின்னுச்சு, மனசு கேக்கல. தப்புதான்.”

கோட்டு குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “டாடி, நம்ம காருக்குத்தான் இன்னிக்கு முதல் கல்யாணம்!”

சார் இறங்கி வந்து பார்த்தார். கேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார். என்னிடம் இருந்த துணியெல்லாம் ஆயில் துணி. கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்து, நெருப்பு ஓடிக் கருகியிருந்த தடத்தை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டி மாட்டினேன். முதல் செல்ஃபிலேயே வண்டி உறுமியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது சர்ச் வாசலில் இறங்கினார்கள். கைக்குட்டையைச் சார் அவசரத்தில் கோட்டின் மேல்பாக்கெட்டிலேயே செருகிக்கொண்டாராம். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவர் நெஞ்சருகே மஞ்சளும் சிவப்புமாக அது எட்டிப் பார்க்கும்.

“முதலாளிகிட்ட ஈரம்னு மட்டும் சொல்லு. பொய் இல்ல அது” என்று சார் சொல்லித்தான் அனுப்பினார். நானும் அப்படியே சொன்னேன்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி நின்றால் கடைசியாக அதில் கை வைத்தவன் யார் என்று முதலில் கேளுங்கள். நீங்கள்தான் என்றால் அங்கிருந்தே தேட ஆரம்பியுங்கள். வெட்கப்பட்டுக் கையால் பொத்தினால் நேரம்தான் போகும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஜாய்ஸ் டீச்சர் கணவரோடு அதே காரில் ஷெட்டுக்கு வந்தார். வேலாயுதம் அண்ணன் ஓடிப்போய் ஸ்டூல் போட்டார். டீச்சர் கைப்பையைத் திறந்து, ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இந்த வருஷம் இதை ஒட்டுங்க அண்ணா. ஏர் கிளீனர் மேல ஒட்டுங்க, கேப் பக்கம் மட்டும் போகாதீங்க.”

அண்ணன் அட்டையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

“டேய் கோதண்டம், போன வருசம் எங்கடா வச்ச?”

இந்தத் தடவை நான் கையால் எதையும் பொத்தவில்லை. பானட்டைத் தூக்கிக் காட்டினேன்.