பிரிக்காமல் அளந்த டிரான்ஸ்ஃபார்மர்

என் பள்ளித் தோழி மாமல்லபுரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறாள். செங்கல்பட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் கல்யாணமாகிக் கடற்கரைப் பக்கம் போனாள். நான் நாவலூரில், மின்சுற்றுகளைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். அவளுடைய கணவர் வண்டி ஓட்டுவார், பந்தலில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் அவள் கைதான்.

போன மழைக்காலம் முடிந்ததும் போன் செய்தாள். அவளிடம் இருந்த ஒரே மாதிரியான இரண்டு ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றின் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் ஒலியை நீள ஒயரில் தூரத்துக் குழாய்களுக்கு அனுப்புகிற பாகம் அது. பழையதைக் கொண்டுவந்தால் அதே மாதிரி சுற்றித் தருவதாகச் செங்கல்பட்டில் காயில் சுற்றுகிறவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் கணவர் அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டார். செய்த கம்பெனியும் இப்போது இல்லை.

நல்லதாக இருக்கும் இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கலாமே என்றேன்.

"பிரிச்சா அதுவும் பூடும். பிரிக்காமயே உள்ள இன்னா கீதுன்னு நீ கண்டுபுடி. அதானடி உன் வேலை?"

உண்மையில் அது என் வேலை இல்லை. அலுவலகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் செய்தவர்களே எண்களைத் தந்துவிடுவார்கள்; நான் அவற்றைத் தட்டிப் போடுவேன். அந்த எண்களை யார், எப்படி அளந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மீட்டரும் லேப்டாப்புமாகப் பஸ் ஏறினேன்.

நன்றாக இருந்த ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மரின் ஒயர்களை மட்டும் கழற்றிவிட்டு, கடையின் பின்பக்கம் உட்கார்ந்தோம். உள்ளே ஒரே இரும்பைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும்; முதலில் அந்த இரண்டு பக்கத்தின் தடையையும் பார்த்தேன். பிறகு ஒரு பக்கம் சிறிய வோல்டேஜ் கொடுத்து, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன். எந்தப் பக்கம் எத்தனை மடங்கு சுற்று என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்தது இண்டக்டன்ஸ். மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எவ்வளவு முரண்டு பிடித்துத் தடுக்கிறது என்பதன் அளவு அது. மறுபக்க ஒயர்களைத் திறந்து வைத்து ஒரு தரம், ஒன்றோடொன்று சேர்த்து ஒரு தரம் அளந்தேன். சேர்த்தபோது மிஞ்சியது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேராமல் கசிகிற பங்கு. தோழி மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் எதற்கு என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லச் சொல்லத்தான் எனக்கும் தெளிவானது.

எண்களை லேப்டாப்பில் போட்டு ஓட்டினேன். கீழ்ச் சுரமெல்லாம் காணாமல் போய், ஒலி தகர டப்பாவில் பேசுவது போல இருக்கும் என்று வந்தது. ஒயரை மாட்டி நிஜ ஆம்ப்ளிஃபயரில் ஒரு பாட்டைப் போட்டால் ஆண் குரல் கணீரென்று இருந்தது. அளந்தது தப்பா என்று திரும்ப அளந்தேன். அதே எண்கள்தான்.

தெருவில் யாரோ கூப்பிட, தோழி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த மெல்லிய ஒலி நிஜமாகவே தகரம் போல இருந்தது. திரும்பி வந்தவளிடம் கேட்டேன்.

"கம்மியா வெச்சா இது எப்பவுமே அப்டித்தான். ஏத்துனாத்தான் கொரலு நெரப்பா வரும்" என்றாள்.

சத்தம் குறைந்தால் கீழ்ச் சுரம் நம் காதுக்கே குறைவாகத்தான் கேட்கும். ஆனால் முழுக்கக் காதின் வேலைதானா, இரும்புக்கும் இதில் பங்கு உண்டா என்று ஒரு சந்தேகம் வந்தது. என் மீட்டர் கொடுப்பது மிகச் சிறிய வோல்டேஜ். பந்தலில் இந்த இரும்பு பார்ப்பதோ அதைவிடப் பல மடங்கு.

பல வோல்டேஜ் எடுக்கக்கூடிய வேறொரு டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடந்தது; அதனால் லைன் கரண்டின் வோல்டேஜைக் குறைத்து, பாதுகாப்புக்கு நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டு, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். வோல்டேஜ் ஏறிய அளவுக்கு மின்னோட்டம் ஏறவில்லை. இண்டக்டன்ஸ் கூடிக்கொண்டே போய், மீட்டர் சொன்னதைப் போலப் பல மடங்கானது. இன்னும் ஏற்றியதும் மின்னோட்டம் சட்டென்று எகிறியது. அதற்கு மேல் காந்த சக்தியை ஏற்க இரும்பால் முடியவில்லை.

"அப்போ எந்த நம்பரு நெசம்?" என்றாள் தோழி.

எல்லாமே நிஜம் என்றேன். ஒரே எண்ணுக்குப் பதிலாக, வோல்டேஜ் ஏற ஏற இண்டக்டன்ஸ் மாறுகிற வளைகோட்டையே லேப்டாப்பில் போட்டேன். சத்தம் கூட இருந்தால் நிறைவாகவும், குறைந்தால் தகரமாகவும் வந்தது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செங்கல்பட்டுக்காரர் அந்த விவரங்களையும் வெளியிலிருந்து அளந்த இரும்பின் அகலத்தையும் வாங்கிக்கொண்டு, கம்பியின் தடிமனைத் தானே முடிவு செய்து சுற்றினார். மாட்டிப் பார்த்தோம், பாடியது. ஆனால் புதியதை அளந்தபோது, கசிகிற பங்கு நாங்கள் அளந்த பழையதில் பாதிதான் இருந்தது. ஏன் என்று அவரிடம் கேட்டேன். கசிவு குறையட்டும் என்று இரண்டு சுருளையும் ஒன்று மாற்றி ஒன்று அடுக்கடுக்காகச் சுற்றியிருப்பதாகச் சொன்னார். பழையதில் எப்படிச் சுற்றியிருப்பார்கள் என்று கேட்டால், அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தோழிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அந்த வாரமே இரண்டு பெட்டிகளையும் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டாள்.