பெண்கள் பக்கத்துப் படங்கள்

விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்ற அறிவிப்பு என் கூடப்பிறந்த ராத்தாவின் கணினித் திரையில் வந்தபோது, நான் கல்முனையில் அவள் வீட்டில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பொத்துவிலில் தோணி, தம்புள்ளையில் மரக்கறி மூட்டை, கட்டாரில் நான்கு வருடம் கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுதல் என்று திரிந்து, அந்த வேலையும் போய் வந்து படுத்திருந்தேன். வெளிநாடு போய் வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஓர் எண்ணம். நானும் அதை மறுப்பதில்லை.

ராத்தா கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தில் படம் எடுப்பவள். எங்கள் ஊரில் பல வீடுகளில் ஆண் கமராக்காரன் மாப்பிள்ளை பக்கத்தோடு நின்றுவிட வேண்டும். உள்ளே மணப்பெண்ணும் தங்கச்சிமாரும் முக்காடில்லாமல், பூவும் நகையுமாக இருப்பார்கள். அங்கே ராத்தாதான் போவாள். கலியாண அல்பத்தையும் வீட்டிலேயே செய்து, அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கையில் கொடுப்பாள். மச்சான் மவுத்தாகி அவள் கைம்பெண்ணான பிறகு அவளும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டது இந்த வேலையில்தான்.

“இதுக்கு இனிப் பாதுகாப்பு இல்லயாம். எவனாவது உள்ள பூந்து படங்களக் களவெடுத்தாண்டா என்னடா செய்யிற?” என்று கேட்டாள்.

“ஒங்கட அல்பத்தக் களவெடுத்து அவன் எங்க ராத்தா விக்கப்போறான்?”

“பல்லக் காட்டாத. புதுசு வாங்க வழியில்ல. இன்டர்நெட் வயரக் கழட்டிட்டு இப்பிடியே வச்சிக்கலாமா? யோசிச்சிச் சொல்லு.”

அதையே செய்திருக்கலாம். அல்பம் செய்யவும் அச்சடிக்கவும் இணையம் தேவையில்லை. ஆனால் மூன்று மாதமாக அவள் சோற்றைத் தின்றுகொண்டிருந்த எனக்கு, ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் ஒரு கலியாண வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, கணினிப் பெட்டியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் வைத்து பஜாருக்குக் கொண்டுபோனேன். கணினி திருத்தும் கடைக்காரன் என்னோடு படித்தவன்.

“இந்தப் பழசுக்குப் புது விண்டோஸ் நேரா ஏறாது மச்சான். சுத்தி வளச்சி ஏத்தித் தாறன். உள்ள இரிக்கிறதெல்லாம் முதல்ல என்ட ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கணும். பரவாயில்லயா?”

“ஓம், எடு எடு,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது கடை வாங்குப் பலகையில் மூன்று ஆண்கள் காத்திருந்தார்கள். படங்களெல்லாம் சரியாகத் திரும்பி வந்தனவா என்று கடைக்காரன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரை வாங்குப் பக்கம் திரும்பியிருந்தது. மணப்பெண்கள், அவர்களின் தோழிகள், தலைமுடியை விரித்துவிட்டுச் சிரிப்பவர்கள். மூவரில் ஒருவர் தரையைப் பார்த்தார். மற்ற இருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வீட்டு மகளின் முகம் வந்தபோதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது.

“திருப்பு, திரையத் திருப்பு,” என்றேன்.

“இது பொம்புளயள்ட படமெண்டு ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமேடா,” என்றான் அவன். அவனுக்கும் முகம் கறுத்துவிட்டது. தன் டிஸ்க்கில் இருந்ததை என் முன்னாலேயே அழித்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் ராத்தா வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“யார்ர யார்ர படம் திரையில வந்த?”

எனக்குத் தெரிந்த ஐந்து வீடுகளைச் சொன்னேன்.

“என்ட சாமானெண்டா நீ கடல்ல போட்டிருந்தாலும் ஒண்டுமில்லடா. அது அவங்க நம்பித் தந்த அமானிதம்.”

அடுத்த நாள் காலையில் ஹபாயாவைப் போட்டுக்கொண்டு அந்த ஐந்து வீடுகளுக்கும் கிளம்பினாள். நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் வீட்டு வாசலில் நிற்க, அவள் உள்ளே பேசியது யன்னல் வழியாகக் கேட்டது.

“என்ட பிழைதான்கா. யோசிக்காம கம்ப்யூட்டரத் திருத்தக் குடுத்திட்டன். அல்லாஹ்வுக்காக மாப்புத் தாங்க.”

ஐந்து வீட்டிலும் அதையே சொன்னாள். என் பெயர் எங்கும் வரவில்லை. உள்ளே போய் ‘நான்தான் கொண்டுபோனன்’ என்று சொல்ல நாலு எட்டு வைத்தால் போதும். நான் வெயிலில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இளைய மகள்ட கலியாணத்துக்கு வேற ஆளக் கூப்பிடுறாவாம்,” என்றாள் கடைசி வீட்டிலிருந்து வந்து ஏறும்போது. “அவட பக்கம் சரிதானே. ஓட்டு.”

அந்தக் கிழமை முடியுமுன்பே நான் தம்புள்ளைக்கு மூட்டை தூக்க வந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை ராத்தாவுக்குக் கோல் எடுத்து, பெட்டி எப்படி என்று கேட்டேன்.

“நல்லா ஓடுது. முந்தியவிட வேகம்,” என்றாள்.

கலியாண வீடுகளில் இன்னும் அவளைக் கூப்பிடுகிறார்களா என்று நான் கேட்கவில்லை.