படகை நிறுத்தத் தெரியாத துணை

சீஷெல்ஸ் தீவுகளுக்கிடையே பாய்மரப் படகொன்றை வாடகைக்கு எடுத்து, மாலுமி இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் அமைதியாகச் சுற்றுவதென்று கணவரும் நானும் திட்டமிட்டோம். படகோட்ட அவருக்குத் தெரியும். அது போதுமென்று நினைத்தேன்.

ஒத்திகைக்காக நோர்வேயில் ஒஸ்லோ பியோர்ட் எனும் கடற்கழியில் நண்பரின் படகை எடுத்துச் சென்றோம். காற்று திரும்பியபோது பாயின் அடிக்கம்பு அவர் தலையில் இடித்தது, சுருண்டு விழுந்தார். படகு பாறைகளை நோக்கி ஓடியது.

"கயித்தை அவிட்டுவிடும்," என்று முனகினார்.

"எந்தக் கயிறப்பா? இஞ்சை எல்லாம் கயிறாத்தானே கிடக்குது."

"நீலக் கயிறு."

அவிழ்த்தேன். பாய் தளர்ந்து படகு மெல்ல நின்றது. நல்லவேளையாக அவருக்குக் காயம் பெரிதில்லை.

தீவுப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு இப்போது நானும் பயிற்சிக்குப் போகிறேன். இருவரும் படகில் போகும் ஒவ்வொரு முறையும் கரையை விட்டதும், அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, நான் தனியாகப் படகை நிறுத்திக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் அன்றைய ஓட்டத்தைத் தொடர்கிறோம்.