பஃபர் போட்ட பிறகு

மேக்ஸ்வெல் மைசூருவில் ஒரு நெசவாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் தமிழ் ஆராதனையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். யாரிடமும் படித்ததில்லை, பாடகர் குழுவில் உட்கார்ந்து, காதால் பிடித்துக்கொண்ட வாசிப்பு. அந்த வாசிப்பு ஒன்றுதான் அவர் தனக்கென்று வைத்திருந்தது.

சில மாதங்களாகக் கிட்டாரின் ஒலி கம்பளி போர்த்தியதுபோல் மங்கியிருந்தது. கம்பிகளை மாற்றினார். பலனில்லை. குற்றம் வயரில் என்று முடிவு செய்தார். நியாயமான சந்தேகம்தான். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. நீளமான கேபிளையும், ஒலியை மாற்றும் மிதி பெடல்களின் வரிசையையும் தாண்டுவதற்குள் ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஒலி, கரைந்துவிடும். வரிசையின் தொடக்கத்தில் பஃபர் என்கிற சின்ன சர்க்யூட்டை வைத்தால் அது சிக்னலுக்குத் தெம்பு கொடுத்து அனுப்பும். மேக்ஸ்வெல் அதைத் தானே பற்றவைத்து, ஒரு தகர டப்பாவில் சுவிட்சோடு பொருத்தினார்.

வாசித்தார். அதே கம்பளி. ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை முழுக்கத் திருப்பினார்.

ஈஸ்டர் ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் கிரிஸ் காதைப் பொத்திக்கொண்டு, கன்னடத்து ‘மாராயரே’வைச் செல்லமாக இழுத்தான்.

“என்ன மாராயரே, காதுல ஊசி ஏத்துறீங்க!”

“டல்லா இருக்குடா. பஃபர் வேலையே செய்யல.”

“இதுவா டல்லு? உச்சத்துல பாடுற சோப்ரானோ அக்காங்களே பயந்துட்டாங்க, மேக்ஸண்ணா.”

மகள் லிசா எழுந்து வந்தாள். “டாடி, அந்தப் பக்கம் பாத்து வாசிங்க. நான் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன். மாறுனா சொல்லுங்க.”

அவர் சுவரைப் பார்த்து வாசித்தார். “ம், ஆரம்பி” என்றார் சற்றுப் பொறுத்து.

லிசா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். கிரிஸ்தான் மெல்லச் சொன்னான்: “அவ ஏற்கனவே நாலஞ்சு தடவ மாத்திட்டா, அண்ணா.”

மனைவி ரோசலின் நர்ஸ். மறுநாளே காது பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். தறிச் சத்தத்தில் கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன் போய்விட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். ஆலையில் காதடைப்பான் கொடுக்கவில்லையா என்று கேட்டார். கொடுத்தார்கள். தறியின் கோளாறைச் சத்தத்தில்தானே கண்டுபிடிக்க வேண்டும்? அதனால் மேக்ஸ்வெல் ஒருநாளும் போட்டதில்லை.

ஈஸ்டர் காலையில் லிசா ட்ரெபிளைச் சரிசெய்து, அவர் திருப்பிவிடாதபடி குமிழின்மேல் டேப் ஒட்டினாள். அவர் விரல்களின் பழக்கத்தில் வாசித்து முடித்தார்.

“சூப்பர் டோன்ணா,” என்றான் கிரிஸ். “என் தம்பி கிட்டாருக்கும் ஒரு பஃபர் பண்ணிக் குடுங்க.”

“பண்ணித் தரேன்,” என்றார் மேக்ஸ்வெல், கேபிளைச் சுற்றிக்கொண்டே. “நல்லா இருக்கான்னு நீங்களே கேட்டுக்கோங்கடா.”