வேகமாக ஓடிய பழைய கச்சேரி

பாட்டுப் போட்டிக்காக என் மகள் வித்யா கேட்டுப் பழக, ஒரு பழைய கச்சேரி கேசட்டை நானே கணினியில் ஏற்றி இரைச்சலை நீக்கினேன். இன்னும் துல்லியமாகட்டும் என்று ஒரு நொடிக்கு எத்தனை ஒலித்துணுக்குகள் ஓடும் என்று சொல்லும் சாம்பிள் ரேட் எண்ணையும் கூட்டி வைத்தேன்.

பத்தே நாளில் அவள் குரல் கம்மி, பேச்சு வெறும் காற்றாக வந்தது. அடையாறில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்.

"கட்டி ஒண்ணும் இல்ல. சக்திக்கு மேல பாடியிருக்கா. ரெண்டு வாரம் பேசவே கூடாது," என்றார்.

மயிலாப்பூரில் அவளுடைய பாட்டு டீச்சர் என் பதிவைக் கேட்டார். "சார், கச்சேரில இந்தப் பாடகி பாடினது அஞ்சு கட்டை சுருதி. இதுல ஆறை நெருங்கிடுத்தே. வேகமா ஓடிண்டிருக்கு."

நான் கூட்டிய எண்தான் பாட்டை வேகமாக ஓட்டி சுருதியை ஏற்றியிருந்தது; அதோடு சேர்ந்து பாடித்தான் அவள் தொண்டை புண்பட்டிருந்தது. போட்டி கைவிட்டுப் போனது. நல்லவேளை, குரல் திரும்பியது. இப்போதெல்லாம் சுருதிப் பெட்டியை வைத்து, மூல கேசட்டோடு ஒத்துப்பார்த்த பிறகே எந்தப் பதிவையும் அவளிடம் தருகிறேன்.