வேலியோரக் கல்வாழை

தச்சநல்லூரில் ஒரு வீட்டில் தோட்டவேலை கிடைத்தது. புதர்போல் மண்டிய கல்வாழைக் கிழங்குகளை நான் வெட்டிப் பிரிக்க, வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையோடு அருகிலேயே நின்று, "பைய வே, வேரு நோவும்" என்றார். பக்கத்து வீட்டுக்கும் அவருக்கும் அந்த வரிசைதான் எல்லை. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பிரித்ததை எல்லாம் அந்த வீட்டுப் பக்கமாக ஒரு முழம் தள்ளி நடச் சொன்னார்.

"அங்கன நிழல்லா, அண்ணாச்சி?"

"செடி என்னோடது வே. சொன்ன இடத்துல வையும்."

பழைய வரிசையை அடியோடு தோண்டச் சொன்னதும் எனக்குப் புரிந்தது.

"உள்ளூர் ஆளு யாரும் கிடைக்கலியா?"

"கிடைச்சா உம்ம எதுக்குக் கூப்பிடுதேன்?" என்று சிரித்தார்.

முந்தின நாளிலிருந்து நான் சாப்பிடவில்லை. நட்டேன். அவரே தண்ணீர் ஊற்றினார்.

"எந்த ஊரு வே நீரு? இன்னைக்கே பஸ் ஏறிருவீரா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.